பட்டன் போனுக்கும் எட்டிய ஆராதனை

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூரில் செல்போன் ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கிராமத்தில் இருக்கிற எங்கள் சபைக்கு நான் பொருளாளர். முப்பது சொச்சம் குடும்பங்கள்தான். மாங்கூழ் ஆலைக்குப் போகிறவர்கள், கிரானைட்டுக்குப் பாலிஷ் போடுகிறவர்கள், பர்கூர் ஜவுளிக் கடைகளில் நிற்கிறவர்கள், விடியற்காலையில் ஓசூர் சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள், கொஞ்சம் மாந்தோப்பு வைத்திருக்கிற பெரியவர்கள். கொரோனா காலத்தில் இந்தச் சபை போனிலேயே கூடியது. எப்படிச் செய்தீர்கள் என்று தர்மபுரிப் பக்கத்துச் சபைக்காரர்கள் சிலர் இன்னமும் கேட்கிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பிரசங்கம் எதுவும் இதில் கிடையாது, அது ஆயர் வேலை. எனக்குத் தெரிந்ததெல்லாம் போனும் ரீசார்ஜும்.

2020 மார்ச் 22, மக்கள் ஊரடங்கு நாள், ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. அன்றைக்கு ஆராதனை இல்லை. ஒரு வாரம்தானே என்று இருந்தோம். 24ஆம் தேதி சாயங்காலம் 144, நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்களின் நடுவில் கோயில் கதவைப் பூட்டினோம். ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 10 பெரிய வெள்ளி, 12 ஈஸ்டர். வருஷத்திலேயே சபை நிறைந்து இருக்கிற வாரம் அதுதான். குருத்தோலை ஞாயிறன்று ஊர்வலம் போக முடியாததால் அவரவர் வாசலில் தென்னங்குருத்தைக் கட்டினோம். அடுத்தடுத்த வீட்டு வாசல்களில் வேப்பிலை தொங்கியது. அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் விளக்கேற்றச் சொல்லியிருந்தார் பிரதமர். தெருவே விளக்கோடு நின்றபோது எது யார் வீட்டு வேண்டுதல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நம்ம மாவட்டத்துல ஒரு கேஸ்கூட இல்லியே, பத்துப் பேரு தள்ளித் தள்ளி உக்காந்தா என்னாண்ணா?" என்று கேட்காத ஆள் இல்லை. அவர்கள் சொன்னதும் நிஜம். ஏப்ரல் கடைசியில் தமிழ்நாட்டிலேயே தொற்று பதிவாகாத மாவட்டம் கிருஷ்ணகிரி ஒன்றுதான். மே மாசத் தொடக்கத்தில்தான் முதல் ஆள். ஆனால் ஆயர் அசைந்து கொடுக்கவில்லை. "ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினா பெங்களூரு. நம்ம பிள்ளைங்க பாதிப் பேரு அங்கதான் இருக்காங்க. வர்றதா இருந்தா ஒரே ராத்திரியில வரும்" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

முதல் இரண்டு வாரம் ஆயர் தன் பிரசங்கத்தைக் குரல் பதிவாக வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அது போன வேகத்திலேயே மேலே ஏறிப்போனது. அதற்குக் கீழே கபசுரக் குடிநீர், சங்கீதம் 91, பெரிய பெரிய ஊழியக்காரர்களின் வீடியோ என்று வந்து குவிந்தன. டிவியைத் திறந்தால் சென்னையிலிருந்து நேரலை, நல்ல வெளிச்சம், நல்ல இசை. இவ்வளவு இருக்கும்போது நாம் எதற்கு மெனக்கெட வேண்டும் என்று கமிட்டியிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொன்னது, தனியாக இருக்கிற ஒரு பெரியம்மா. ரீசார்ஜ் போடச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "டீவில ரொம்ப நல்லாத்தான் பேசுறாங்க தம்பி. ஆனா அவுங்களுக்கு என்னத் தெரியாதே."

அந்த வார்த்தையை ஆயரிடம் அப்படியே சொன்னேன். அதன் பிறகு நாங்கள் செய்தது எல்லாமே அதற்குப் பதில்தான். நம்மைத் தெரிந்தவர்கள் கேட்கிற மாதிரி, நம் குரலும் அவர்களுக்குக் கேட்கிற மாதிரி இருக்க வேண்டும். அழகாக ஒளிபரப்பவேண்டிய அவசியமே எங்களுக்குக் கிடையாது.

முதல் வேலையாக ஒரு நோட்டு போட்டேன். சபைப் பதிவேட்டில் இருக்கிற வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. என்ன போன், எந்த சிம், வீட்டில் எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தப் போன் யார் கையில் இருக்கும். கடைசிக் கேள்விதான் முக்கியம். வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது என்பார்கள். விசாரித்தால் அது மகனுடையது, மகன் ஓசூரில் மாட்டிக்கொண்டு இருப்பான். அல்லது பேரப்பிள்ளை கையில் இருக்கும், பப்ஜி ஓடும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் பட்டன் போன் மட்டும்தான். மலைக்குப் பின்னால் இருக்கிற நாலைந்து வீடுகளில் பேச்சுக்கு மட்டும் சிக்னல் உண்டு, நெட் வேண்டுமானால் பாறை மேல் ஏற வேண்டும். எங்கள் பக்கம் பாறைக்குப் பஞ்சமில்லை என்பது வேறு விஷயம்.

இந்த நோட்டைப் போடாமல் யாரும் ஆன்லைன் ஆராதனையைத் தொடங்க வேண்டாம். இளைஞர்கள் லேப்டாப்பைத் திறந்து லிங்க் அனுப்பிவிட்டு ஆராதனை நடத்திவிட்டோம் என்று சந்தோஷப்படுவார்கள். அதில் வருகிறவர்கள் ஏற்கனவே நாலு வழியில் சபையோடு தொடர்பில் இருப்பவர்கள். வராதவர்கள் யார் என்பது நோட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

ஜூமில் தொடங்கினோம். இலவசக் கணக்கில் அப்போது மூன்று பேர் சேர்ந்தாலே 40 நிமிஷம்தான், அப்புறம் தானாக அறுந்துவிடும். காசு கட்டி வாங்கலாமா என்று பேச்சு வந்தது. பொருளாளராக நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற சபையில் மாசாமாசம் அதற்கு ஒரு தொகையா? ஆராதனையை இரண்டாக வெட்டினோம். முதல் பாதியில் பெயர் கூப்பிடுதல், பாட்டு, பாவ அறிக்கை, சங்கீதம், வேதபாடம். அறுந்ததும் அதே லிங்க்கில் மறுபடி உள்ளே வந்தால் பிரசங்கம், ஜெபம், ஆசீர்வாதம். நடுவில் கிடைத்த ஐந்து நிமிஷத்தில் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். கோயிலில் முக்கால் மணி நேரம் பேசுகிற ஆயர் பதினைந்து நிமிஷத்தில் முடிக்கக் கற்றுக்கொண்டதும் அப்போதுதான். நேரக் கட்டுப்பாட்டால் சபைக்குக் கிடைத்த நன்மை என்று இதை நான் தைரியமாகவே சொல்வேன். ஐயாவுக்கும் தெரியும்.

வீடியோவை ஆயரும் வேதபாடம் வாசிப்பவரும் மட்டும் திறந்து வைக்க வேண்டும், மற்றவர்கள் அணைத்துவிட வேண்டும் என்று முறை வைத்தோம். தினம் ஒன்றரை ஜிபி டேட்டா போடுகிற வீட்டில் ஒரு மணி நேர வீடியோ பெரும் பங்கைத் தின்றுவிடும். குரல் மட்டும் என்றால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பிற்பாடு பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு வந்தபோது இது இன்னும் தேவைப்பட்டது. ஆனால் கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் எல்லோரும் வீடியோவைத் திறப்பார்கள். தலை சீவாத முகம், பின்னால் கொடியில் தொங்குகிற துணி, மடியில் குழந்தை, சில பேருக்கு நெற்றி மட்டும். அந்த ஒரு நிமிஷத்துக்காக நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்த அக்காமார்களை எனக்குத் தெரியும்.

காத்திருப்பு அறையும் கடவுச்சொல்லும் கட்டாயம் போடுங்கள். அந்த ஏப்ரலிலேயே மத்திய உள்துறை ஜூம் பற்றி எச்சரிக்கை கொடுத்து, இந்த இரண்டையும் செய்யச் சொல்லியிருந்தது. வெளியாட்கள் நடுவில் புகுந்து அசிங்கம் செய்த கதைகள் அப்போது ஏராளம். எங்கள் சிக்கல் வேறு மாதிரி இருந்தது. காத்திருப்பு அறையில் 'ரெட்மி நோட் 8', 'ஓப்போ ஏ5', 'கேலக்ஸி' என்று வரிசையாக நிற்பார்கள். இதில் எது நம் ஸ்டீபன், எது வெளியாள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீடு வீடாகப் போன் செய்து பெயரை மாற்ற வைத்தோம். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாற்றிக் கொடுத்தது. ஒரு வீட்டில் கடைசி வரை மாறவேயில்லை. இன்றைக்கும் அந்த மாமாவை இளைஞர்கள் ரெட்மி மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இனி பட்டன் போன். கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், ஏனென்றால் இதற்குக் காசும் வேண்டாம், நெட்டும் வேண்டாம்.

சாதாரணப் போனில் கான்ஃபரன்ஸ் கால் வசதி உண்டு. ஒருவர் தன் போனிலிருந்து ஐந்து பேரை வரிசையாகக் கூப்பிட்டு ஒரே அழைப்பில் சேர்க்கலாம். வாலிபர் சங்கத்தில் நாலு பேரைப் பிடித்தேன். ஆளுக்கு ஐந்து பெரியவர்கள். அன்லிமிடெட் பேசும் பேக் போட்டிருந்ததால் கூப்பிடுகிறவருக்கும் தனிச் செலவில்லை. எட்டே முக்காலுக்குத் தொடங்கினால்தான் ஒன்பதுக்குள் ஐந்து பேரையும் சேர்க்க முடியும். காரணம், அப்போது எந்த நம்பரைக் கூப்பிட்டாலும் முதலில் இருமல் சத்தத்தோடு கொரோனா எச்சரிக்கை ஓடும். ஐந்து பேரைச் சேர்ப்பதற்குள் அந்தப் பிள்ளை ஐந்து தடவை அந்த இருமலைக் கேட்டாக வேண்டும். சேர்ந்ததும் அந்தப் போனை, ஜூம் ஓடுகிற இன்னொரு போனின் ஸ்பீக்கர் பக்கத்தில் வைப்பார்கள். இரண்டையும் ஒட்டி வைத்தால் வீல் என்று கத்தும். ஒரு முழம் இடைவெளி விட்டு, நடுவில் மடித்த துண்டைப் போட்டால் நிற்கும். ஜெபக் குறிப்பு சொல்கிற நேரத்தில் துண்டை எடுத்துவிட்டு, பெரியவர்கள் பேசுவது ஜூமில் இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி போனைத் திருப்ப வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சேர்க்கிற பிள்ளைக்கு நடுவில் வேறு அழைப்பு வந்து, தெரியாமல் எடுத்துவிட்டால் ஐந்து பேரும் ஹோல்டில் போய்விடுவார்கள், பிரசங்கத்துக்கு நடுவில் பாட்டு ஓடும். அதனால் அழைப்புக் காத்திருப்பு வந்தால் தொடவே கூடாது. ஒரு பெரியவர் கட் ஆகிவிட்டால் அவரைத் திரும்பச் சேர்க்கிற வரை மற்ற நாலு பேர் காத்திருக்க வேண்டியிருக்கும். பாட்டு ஓடுகிற நேரத்தில் சேர்த்தால் நஷ்டம் குறைவு. சனிக்கிழமை ராத்திரியே போனை சார்ஜில் போடச் சொல்லி ஞாபகப்படுத்த வேண்டும். காது மந்தமானவர்களுக்கு ஸ்பீக்கரை விட நேராகக் காதில் வைப்பதுதான் கேட்கிறது. முக்கால் மணி நேரம் கை வலிக்கும் என்று ஒரு தாத்தா துண்டால் தலையோடு போனைக் கட்டிக்கொண்டார். தலைப்பாகைக்குள் ஆராதனை என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

அந்த நாலு வாலிபர்களில் இரண்டு பேர் அதுவரை பண்டிகைக்கு மட்டும் கோயில் பக்கம் வருகிறவர்கள். பாட்டிமார் ஐந்து பேரின் சுகர் மாத்திரை தீர்ந்துபோகும் தேதி வரை அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. மாத்திரை வாங்கிக் கொடுத்ததும் அவர்கள்தான்.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். இணையத்தில் எல்லோரும் சேர்ந்து பாட முடியாது. ஒருவர் குரல் இன்னொருவருக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும், அவர் அதைக் கேட்டுப் பாடினால் அது திரும்பி வர இன்னும் தாமதம். இரண்டாவது அடிக்குள் ஆளுக்கொரு வரியில் நிற்பார்கள். யார் வீட்டில் பாடத் தெரிந்த இரண்டு மூன்று பேர் இருக்கிறார்களோ அந்த வீடு மட்டும் மைக்கைத் திறந்து பாட, மற்றவர்கள் மைக்கை மூடிக்கொண்டு அவரவர் வீட்டில் கூடப் பாட வேண்டும். கீபோர்டு வாசித்தால் ஜூம் அதை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். அமைப்புகளில் ஒரிஜினல் சவுண்ட் என்று ஒன்று உண்டு, அதைப் போட்டால் இசை ஒழுங்காகக் கேட்கும். கஞ்சிராவை விட்டுவிடுங்கள், எதைப் போட்டாலும் அது தகரத்தைத் தட்டுகிற மாதிரிதான் கேட்கும். எப்போதும் எங்களுக்குக் கீர்த்தனைகளில் நீண்டவைதான் பிடிக்கும். போனுக்கு அது ஒத்துவரவில்லை, எல்லோருக்கும் மனப்பாடமான, சரணம் குறைந்த பாட்டாகத் தேர்ந்தெடுத்தோம். மைக்கை மூடிப் பாடுவதில் ஒரு அக்காவுக்குப் பெரிய வருத்தம்: "முப்பது வருஷமா நல்லாப் பாடுறேன்னு நெனச்சிட்டிருந்தேன். எங்கொரல் எனக்கு மட்டும் கேட்டதும்தான் சுருதி தப்புறது தெரியுது."

ஆனால் ஒரே ஒரு இடத்தில் எல்லா மைக்கையும் திறந்துவிடுவோம். பரமண்டல ஜெபத்துக்கு. ஒழுங்காக இருக்காது. ஒரு வீடு முடித்த பிறகு இன்னொரு வீடு பாதியில் இருக்கும், குக்கர் விசில், நாய்க் குரைப்பு, குழந்தை அழுகை எல்லாம் கலந்து வரும், ஜூம் யார் குரலை முன்னால் தள்ளுவது என்று தெரியாமல் திணறும். லேப்டாப் தெரிந்த தம்பி ஒருவர், இது கேட்கச் சகிக்கவில்லை, ஆயர் மட்டும் சொல்லட்டும் என்றார். கமிட்டியில் வாக்கெடுப்பு வரை போனது. சகிக்காமலே இருக்கட்டும் என்று முடிவானது. நான் அதற்குத்தான் கை தூக்கினேன்.

பெயர் கூப்பிடுவதும் அப்படித்தான். தொடக்கத்தில் ஆயர் ஒவ்வொரு வீட்டுப் பெயரையும் கூப்பிடுவார், வீட்டிலிருந்து யாராவது ஒருவர் "ஸ்தோத்திரம் ஐயா" என்பார். பத்து நிமிஷம் ஓடிவிடும். 40 நிமிஷத்தில் பத்து நிமிஷம் வருகைப் பதிவுக்கா என்று முணுமுணுத்தார்கள். ஆனால் அந்த ஸ்தோத்திரத்தில்தான் யார் குரல் அடைத்திருக்கிறது, யார் குரல் சோர்ந்திருக்கிறது, எந்த வீட்டில் மூன்று வாரமாக அப்பா பேசாமல் பிள்ளையே பேசுகிறது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது. அப்படி ஒரு வீட்டில் அப்பா பேசாததைக் கவனித்துவிட்டு ஆயரின் மனைவி, எங்கள் ஐயரம்மா, போன் செய்தார். ஆலை மூடி வருமானமில்லாமல், வட்டிக்காரனுக்குப் பயந்து அவர் போனையே தொடாமல் இருந்திருக்கிறார். அந்த வருஷம் மா விளைச்சல் வெட்டி விற்க வழியில்லாமல் தவித்த தோப்புக்காரர்களும் சபையில் இருந்தார்கள். யாரும் தானாக வாய் திறந்து சொல்கிற விஷயம் இல்லை இது.

அந்தக் குடும்பத்துக்குப் போனது பிடி அரிசி. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவது எங்கள் பெண்களின் பழக்கம். கோயில் பூட்டியிருந்தாலும் பிடி எடுப்பது நிற்கவில்லை. வாரம் ஒரு நாள் ஒரே ஒருவர் மாஸ்க் போட்டு, அனுமதிச் சீட்டோடு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வீடு வீடாகப் போய் வாசலில் வைத்ததை எடுத்து வந்தார். சபைக்குள் கொடுத்தது போக மீந்தது, ஊருக்குப் போக முடியாமல் ஆலைக் கொட்டகையில் தங்கியிருந்த வடமாநிலத் தொழிலாளிகளுக்குப் போனது.

காணிக்கைப் பணம் வேறு சங்கடம். ஜிபே நம்பர் கொடுங்கள் என்று இளைஞர்கள் சொன்னார்கள். கொடுத்தோம், சபைக் கணக்கோடு சேர்த்து. ஆயருடைய சொந்த நம்பரையோ என் சொந்த நம்பரையோ போடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம், ஒரு ரூபாய்க்குக்கூட அது நல்லதில்லை. ஆனால் பைக்குள் போடுகிற காணிக்கை யார் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இதில் பெயரும் தொகையும் பொருளாளர் போனில் வந்து நிற்கிறது. பத்து ரூபாய் போடுகிற கிழவிக்கும் வெட்கம், இரண்டாயிரம் போடுகிறவருக்கும் ஒரு மாதிரி. அதனால் வீட்டுக்கு ஒரு கவர் கொடுத்தோம், பெயர் எழுதாதது. கோயில் திறக்கிற அன்றைக்குக் கொண்டுவந்து போட்டுக்கொள்ளலாம். செப்டம்பரில் திறந்தபோது காணிக்கைப் பெட்டி கொள்ளவில்லை. ஆன்லைனில் வந்ததை விட கவரில் வந்தது அதிகம்.

திருவிருந்து பற்றிச் சண்டையே வந்தது. அவரவர் வீட்டில் அப்பமும் திராட்சை ரசமும் வைத்துக்கொண்டு, ஆயர் போனில் ஜெபிக்க, எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று சில சபைகள் செய்தன. எங்கள் ஆயர் மாட்டேன் என்றார். போஜனத்துக்குக் கூடிவரும்போது ஒருவருக்கொருவர் காத்திருங்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைக் காட்டினார். "எல்லாரும் வர்ற வரைக்கும் பசியோட இருப்போம்" என்றார். சாவுக்குப் பயந்து கிடக்கிற வயதானவர்களைக் காக்க வைப்பது சரியா என்று நான் கேட்டேன். எனக்கு இப்போதும் அதில் முழுச் சம்மதம் இல்லை. நோயாளிகளுக்கு வீட்டில் போய்க் கொடுப்பது காலங்காலமாக இருக்கிற வழக்கம்தானே, வாசலில் நின்றாவது கொடுத்திருக்கலாம். உங்கள் சபையில் இதை நெருக்கடி வருவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடியில் பேசினால் வேதத்தை விடப் பயம்தான் அதிகமாகப் பேசுகிறது.

ஞாயிறு பள்ளிக்கு ஜூம் வைக்கவே இல்லை. பிள்ளைகள் மனப்பாட வசனத்தைச் சொல்லிக் குரல் பதிவாக அனுப்பினார்கள், டீச்சர் பதில் பதிவு அனுப்பினார். போதுமானதாக இருந்தது.

2020 செப்டம்பர் 1 முதல் வழிபாட்டுத் தலங்களைத் திறக்கலாம் என்று அரசு சொன்னது. உள்ளே வந்தால் இன்னொரு வேடிக்கை. பாடகர் குழு கூடாது, சேர்ந்து பாடக் கூடாது, பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிடலாம் என்பது மத்திய சுகாதாரத் துறை விதி. ஆக, பூட்டியிருந்தபோது வீட்டில் வாய் திறந்து பாடினோம், திறந்த பிறகு கோயிலில் மாஸ்க்குக்குள் முனகினோம். அதனால் பெரியவர்கள் பலர், நாங்க போன்லயே இருந்துக்கறோம் என்று சொல்லிவிட்டார்கள். கான்ஃபரன்ஸ் காலை நிறுத்தவில்லை. நல்லதாகப் போயிற்று.

ஏனென்றால் 2021 ஏப்ரல் 26 முதல் மறுபடி கதவை மூடச் சொன்னார்கள். இரண்டாவது அலை. அந்த மே மாசத்தைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. சபையில் ஒரு மூப்பர் இறந்தார். மாந்தோப்புக்காரர், ஞாயிறுதோறும் முதல் ஆளாக வந்து பெஞ்சு துடைக்கிறவர். ஆஸ்பத்திரியிலிருந்து உடலைச் சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள். ஒரு மகன் பெங்களூரில், மகள் துபாயில், இரண்டு பேரும் வர முடியாது. அடக்கத்துக்கு 20 பேருக்கு மேல் கூடாது என்று விதி, வந்தது அதிலும் பாதி. நான் போனைப் பிடித்தேன்.

இதை யாராவது செய்ய நேர்ந்தால் சொல்கிறேன். குடும்பத்தில் யார் முடிவெடுப்பார்களோ அவர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று. லிங்க்கைச் சபைக் குழுவில் போடாதீர்கள், குடும்பத்தார் சொல்கிறவர்களுக்கு மட்டும் தனித்தனியாக அனுப்புங்கள். கல்லறைத் தோட்டத்தில் காற்று மைக்கில் மோதி எதுவும் கேட்காது. காதில் மாட்டுகிற ஒயர் மைக்கை ஆயரின் அங்கிக்குள், மாஸ்க்குக்குக் கீழே செருகிவிட்டு, போனை அவர் பக்கத்திலேயே நின்று பிடிக்க வேண்டும். கையை அசைக்காதீர்கள், குழியை நோக்கி நெருங்கிப் போகாதீர்கள், அழுகிறவர்கள் முகத்தில் திருப்பாதீர்கள். மண் போடும்போது, வர முடியாத பிள்ளைகள் சார்பில் யார் போடுகிறார்கள் என்று பெயர் சொல்லிப் போட வைத்தார் ஆயர். "இது உங்க மக சார்பா" என்று மூப்பரின் தம்பி சொன்னபோது துபாயிலிருந்து அந்தப் பெண் "அப்பா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டது என் போன் ஸ்பீக்கரில் கேட்டது.

அன்றைக்கு ஜூம் வேண்டாம், கூகுள் மீட் வையுங்கள் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அதில் அப்போது 40 நிமிஷக் கெடு இல்லை. அடக்கத்தின் நடுவில் அழைப்பு அறுந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்? எல்லாம் முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அந்த அழைப்பில் ஆட்கள் இருந்தார்கள். யாரும் அதை முடிக்க வேண்டாம், கடைசி ஆள் தானாகப் போகட்டும் என்று விட்டுவிட்டோம். சாவு வீட்டில் சொந்தக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்களே, அதற்குப் பதிலாக அது இருந்தது. ராத்திரி வரை யாராவது இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள், மூப்பர் மாங்காய் திருடிய பிள்ளைகளைத் துரத்திய கதையெல்லாம் வந்தது.

ஜூலை 5 திறந்தார்கள். ஆகஸ்டில் இன்னொரு விதி, வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டுத் தலங்கள் மூடல். அக்டோபர் 14 வரை அது இருந்தது. 2022 ஜனவரியில் மறுபடி அதே விதி, கூடவே ஞாயிறு முழு ஊரடங்கு. எல்லோருக்கும் பொதுவான விதிதான், ஆனால் ஞாயிறு இல்லாத சபைக்கு என்ன இருக்கிறது? வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு கோயிலில் கூடினோம், ஞாயிறு காலை வழக்கம்போல் போனில். வியாழன் ஆராதனைக்கு எதிர்பார்க்காத கூட்டம். ஜவுளிக் கடையில் நிற்கிற பெண்களுக்கு ஞாயிறுதான் வியாபார நாள், அவர்கள் பல வருஷமாக ஆராதனைக்கே வர முடியாமல் இருந்தவர்கள். விதி போன பிறகும் மாசத்தில் ஒரு வியாழன் எங்களிடம் நீடிக்கிறது.

இப்போது ஜூம் இல்லை. நேரலையும் இல்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை. பெரிய சபைகளின் சேனலுக்குப் பழகிப்போய்த் திரும்பி வராத குடும்பங்களும் உண்டு, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. கான்ஃபரன்ஸ் கால் மட்டும் நடக்கிறது. படுக்கையில் இருக்கிற பெரியவர்கள், பிரசவத்துக்கு வந்த பெண்கள், பெங்களூரில் வேலையாக இருக்கிற மூன்று குடும்பங்கள். பழைய நோட்டு தீர்ந்து இரண்டாவது ஓடுகிறது. ஆறு மாசத்துக்கு ஒரு முறை நம்பரெல்லாம் சரிபார்க்கிறோம், ஏனென்றால் எங்கள் ஆட்கள் சலுகை வந்தால் சிம் மாற்றிவிடுவார்கள், என் கடையிலேயே மாற்றுவார்கள்.

அந்தப் பெங்களூர்க் குடும்பங்களால் இப்போது கமிட்டியில் ஒரு தகராறு. வருகிற சபைத் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு உண்டா? ஆராதனைக்கு ஒழுங்காக வருகிறவர்களுக்குத்தான் ஓட்டு என்பது எங்கள் விதி. வாரம் தவறாமல் பெயர் கூப்பிடும்போது ஸ்தோத்திரம் சொல்கிறார்கள், சந்தாவும் கட்டுகிறார்கள், அப்படியானால் வருகிறவர்கள்தானே என்பது என் கட்சி. போனில் வருவது வருவதாகாது என்பது செயலாளர் கட்சி. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். அந்தக் கூட்டத்தில் பேச அந்த மூன்று குடும்பத்தையும் கான்ஃபரன்ஸில் சேர்ப்பதா வேண்டாமா என்பதே முதல் தீர்மானம்.